கேம் சர்வரில் எந்தக் கதவைத் திறக்கலாம்?

"கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது சார். பையன் படிப்பான் என்று வாங்கினோம். எந்நேரமும் கேம்தான் விளையாடுகிறான். கேமை அழித்துவிடலாமா?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். 2011ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரத் தொடங்கியபோது எங்கள் திருக்கடையூர் பக்கம் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அன்றும் இதே கேள்வி. இன்று கடையில் காசு கொடுத்து வாங்குபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

என் பதில்: அழிக்க வேண்டாம். பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த கேமுக்குள் நீயே ஏதாவது எழுதிச் சேர்க்க முடியுமா?" முடியும் என்றால் அந்த கேம் வீட்டில் இருக்கட்டும். அவன் விளையாடிக்கொண்டே புரோகிராமிங் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அப்படிப்பட்ட கேம் என்றால் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. உள்ளே எழுத முடிகிறது என்றால் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அது எந்தக் கதவு, அதைத் திறந்தது யார், அதன் வழியே எவ்வளவு தூரம் போகலாம்? இது தெரியாமல் இருந்ததால் எங்கள் வீட்டில் ஒருநாள் நான் நன்றாகப் பயந்துபோனேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம்.

சர்வர் எங்கே இருக்கிறது?

சர்வர் என்றதும் ஏதோ ஏ.சி. அறையில் இருக்கும் பெரிய மெஷின் என்று நினைக்க வேண்டாம். கேமில் நடப்பதற்கெல்லாம் கணக்கு வைத்திருக்கும் புரோகிராம்தான் கேம் சர்வர். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எந்தப் பையில் என்ன பொருள் என்பதெல்லாம் அதன் கணக்கில் இருக்கும். விளையாடுபவர் திரையில் பார்ப்பது அந்தக் கணக்கின் படம் மட்டுமே.

லுவான்டி என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. 2010ல் பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா இதைத் தொடங்கினார். 2024 அக்டோபர் வரை இதன் பெயர் மைன்டெஸ்ட். சதுரச் சதுரமான கட்டிகளை வெட்டி எடுத்து, அடுக்கி, வீடும் ஊரும் கட்டுகிற வகை கேம்கள் இதில் ஓடும். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்ட் எல்லாவற்றிலும் இயங்கும். இதில் நீங்கள் தனியாக விளையாடினாலும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறிய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். "ஹோஸ்ட் சர்வர்" என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டுத் தொடங்கினால், வீட்டு வைபையில் இருக்கும் மற்றவர்களும் அதே உலகத்துக்குள் வந்து விளையாடலாம். அப்போது உங்கள் கம்ப்யூட்டர்தான் சர்வர்!

ஆட்கள், கட்டிகள், பைகள் போன்ற இந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொன்றையும் புரோகிராமர்கள் "ஆப்ஜெக்ட்" என்பார்கள். சர்வரின் உட்பகுதி சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதப்பட்டது. வேகமானது, ஆனால் கடினமானது. ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனால் அதைத் தொட முடியாது. அதனால் சர்வருக்குள்ளேயே எளிதான இன்னொரு மொழியையும் சேர்த்து வைத்துவிடுகிறார்கள். அந்த மொழியில் எழுதுவதுதான் ஸ்கிரிப்ட். நோட்பேடில் எழுதி, சேவ் செய்து, கேமை மறுபடி தொடங்கினால் போதும், மாற்றம் தெரியும். லுவான்டியில் உள்ள அந்த மொழியின் பெயர் லுவா.

நிலா வந்த கதை

லுவா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் நிலா. 1993ல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ராபர்டோ ஏருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி பிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவர் உருவாக்கியது.

கேமுக்காக அல்ல! 1977 முதல் 1992 வரை பிரேசிலில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்கும் சாப்ட்வேருக்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வளர்ந்தது. பெட்ரோப்ராஸ் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக முன்பு செய்து கொடுத்த சிறிய மொழிகளில் இருந்துதான் லுவா பிறந்தது. அதில் ஒன்றின் பெயர் சோல், அதாவது சூரியன். சூரியனுக்குப் பின் நிலா வந்தது.

1998ல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட கிரிம் பண்டாங்கோ கேம் லுவாவைப் பயன்படுத்தியது. 2004ல் வந்த வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் கேமில், விளையாடுபவர்களே தங்கள் திரையை லுவா எழுதி மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். 2006ல் தொடங்கிய ரோப்லாக்ஸ், கேம்களை எழுதுவதையே விளையாடுபவர்களிடம் விட்டது. அங்கேயும் மொழி லுவாதான். இப்போது அதன் சொந்த வடிவத்தை லூஅவ் என்கிறார்கள்.

ஏன் எல்லோரும் இதையே எடுத்துக்கொண்டார்கள்? இலவசம், சில நூறு கிலோபைட்டில் அடங்கும், வேகமானது. இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. என் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். ஒரு சர்வருக்குள் லுவாவைப் புதிதாகத் தொடங்கும்போது அதன் கையில் ஒன்றுமே இருக்காது. ஒரு வரியைத் திரையில் காட்டும் "பிரின்ட்" கட்டளைகூட இருக்காது! பைலைத் திறப்பது, நேரம் பார்ப்பது, இன்னொரு புரோகிராமை ஓட்டுவது என எதுவாக இருந்தாலும், அதைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பெரிய புரோகிராம் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்தது மட்டும் இருக்கும். கொடுக்காதது இல்லை.

அர்ச்சனைத் தட்டு

சர்வர் தன் ஆப்ஜெக்ட்டை ஸ்கிரிப்ட்டுக்கு எப்படிக் கொடுக்கிறது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் கோயிலை வைத்துத்தான் சொல்வேன்.

அமிர்தகடேசுவரர் சன்னதியில் அர்ச்சனை செய்யப் போகிறீர்கள். கருவறைக்குள் நீங்கள் போவதில்லை. தட்டைக் கொடுத்து, பெயர், நட்சத்திரம் சொல்கிறீர்கள். குருக்கள் உள்ளே போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் தட்டைத் திருப்பித் தருகிறார். உங்கள் வேண்டுதல் உள்ளே போனது; நீங்கள் வெளியே நின்றீர்கள். அங்கே சொல்லக்கூடியவை அர்ச்சனை, அபிஷேகம் என்று ஒரு பட்டியலாகக் கவுண்டரில் எழுதியிருக்கும். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் சீட்டு கிடைக்காது.

சர்வரிலும் அப்படியே. விளையாடுபவரின் உண்மையான ஆப்ஜெக்ட் சி பிளஸ் பிளஸ் பக்கம், உள்ளே இருக்கிறது. ஸ்கிரிப்ட்டின் கையில் வருவது ஒரு சிறிய டப்பா. லுவாவில் இதற்கு "யூசர்டேட்டா" என்று பெயர். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்ட்டால் பிரித்துப் பார்க்க முடியாது. டப்பாவோடு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்: இவர் நிற்கும் இடத்தைக் கேட்கலாம், இவரை வேறு இடத்துக்கு மாற்றலாம், இவர் உயிரைக் கூட்டலாம் குறைக்கலாம், இவர் பையைப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் அதில் ஒன்றைச் சொன்னால் சர்வர் உள்ளே போய்ச் செய்துவிட்டு விடையைத் திருப்பித் தரும்.

குருக்கள் தட்டை வாங்கும்போதே ஒரு பார்வை பார்ப்பார் அல்லவா? நல்ல சர்வரும் பார்க்கும். கேட்ட ஆள் இன்னும் உலகத்தில் இருக்கிறாரா, எண் கேட்ட இடத்தில் எண்தான் வந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் உள்ளே தொடும். இந்தச் சரிபார்ப்பை எழுத மறந்த சர்வர், ஸ்கிரிப்ட்டில் உள்ள ஒரு சின்னத் தவறுக்கே நின்றுவிடும்.

பையன் எழுதிய முதல் ஸ்கிரிப்ட்

என் தங்கை மகன் எட்டாம் வகுப்பு. அவனுக்கு லுவான்டி போட்டுக் கொடுத்தது நான்தான். "மாமா, சாட்டில் வைரம்னு அடிச்சா வைரம் வர்ற மாதிரி பண்ணலாமா?" என்று கேட்டான். உட்கார்ந்து எழுதினோம். மாட்ஸ் போல்டருக்குள் ஒரு புதிய போல்டர், அதற்குள் இனிட் டாட் லுவா என்ற ஒரு பைல். பத்துப் பன்னிரண்டு வரிதான். கட்டளையின் பெயர், யார் அடித்தார் என்று பார்ப்பது, அவர் பையில் கேட்ட எண்ணிக்கையில் வைரம் போடுவது. ஓடியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஹோஸ்ட் சர்வர் போட்டு விளையாடினார்கள். கட்டளை எல்லோருக்கும் திறந்திருப்பதை ஒரு பையன் கண்டுபிடித்தான். அவன் ஆயிரம் என்று அடிக்க, அடுத்தவன் லட்சம் என்று அடித்தான். கால் மணி நேரத்தில் எல்லோர் பையிலும் வைரம். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லோரிடமும் வைரம் இருந்தால் மண்ணை வெட்டுவது யார்?

அன்று இரவு அவனே கேட்டான். "மாமா, எனக்கு மட்டும் வர்ற மாதிரி பண்ண முடியுமா?" பிரிவிலேஜ் என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். லுவான்டியில் ஒரு கட்டளையைப் பதியும்போதே இன்ன உரிமை உள்ளவர்தான் இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதிவிடலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு மட்டும்னா அவனுங்க வரமாட்டானுங்க" என்றான். கடைசியில் அவன் செய்தது என்ன தெரியுமா? ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து வைரம், அதற்குமேல் கேட்டால் கிடையாது என்று ஒரு வரம்பு வைத்தான். நான் சொல்லித் தரவில்லை. அடுத்த வாரம் எல்லோரும் திரும்ப வந்தார்கள்.

இன்னொரு பாடமும் அவனுக்குக் கிடைத்தது. யார் எங்கே இருக்கிறார் என்று காட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். உள்ளே வந்த நண்பனின் ஆப்ஜெக்ட்டை ஒரு இடத்தில் சேமித்து வைத்துக்கொண்டான். நண்பன் ஆட்டத்தை விட்டுப் போன உடனே சர்வர் பிழை காட்டி நின்றுவிட்டது! காரணம் எளிது. எங்கள் ஊரில் மணிவிழாவுக்கு வருகிறவர்கள் லாட்ஜில் தங்குவார்கள். அவர்கள் ரூமைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு நீங்கள் அதே ரூம் கதவைத் தட்டினால் யார் திறப்பார்? நண்பன் போனதும் அவனுக்கான டப்பா காலியாகிவிட்டது. அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்ற விடை வரும். அந்த ஒன்றுமில்லையை வைத்துக் கணக்குப் போடப் போனால் பிழைதான். ஆப்ஜெக்ட்டைச் சேமிக்காதே, பெயரைச் சேமி. வேண்டும்போது அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு மேலே போ. இந்த ஒரு வரிப் பாடத்தைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த எத்தனையோ பேர் வேலைக்குப் போன பிறகுதான் கற்கிறார்கள்.

ஷட்டர் யார் கையில்?

நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறக்கும். தண்ணீர் கல்லணை வந்து, ஆறு வாய்க்காலாகப் பிரிந்து எங்கள் வயலுக்கு வர நாளாகும். அணையின் ஷட்டர் எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது வயல் வரப்பில் உள்ள மடை மட்டும். மடையை எப்போது திறக்கலாம், எப்போது அடைக்கலாம் என்பது எங்கள் விருப்பம். மடை என்று ஒன்று இல்லாவிட்டால் விவசாயம் இல்லை. அதற்காக ஆளாளுக்குப் போய் அணை ஷட்டரைத் தூக்கினால் ஊரே இருக்காது.

கேம் சர்வர் எழுதுபவர்கள் செய்வதும் இந்தப் பங்கீடுதான். எது அணை, எது மடை? இதில் தவறு செய்து, பிறகு திருத்திக்கொண்ட பெரிய கேம்களும் உண்டு.

வேர்ல்ட் ஆப் வார்கிராப்டில் விளையாடுபவரின் திரைப் பக்கம்தான் லுவா இருந்தது, சர்வரில் இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் அதிகமான கட்டளைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். யார் மீது எந்த மந்திரத்தைப் போட வேண்டும் என்று ஸ்கிரிப்ட்டே முடிவு செய்தது. ஆள் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும் என்ற நிலை வந்தது. 2006 டிசம்பரில் வந்த 2.0 மாற்றத்தில் அந்தக் கட்டளைகளைப் பாதுகாக்கப்பட்டவை என்று பிரித்து, சண்டை நடக்கும்போது ஸ்கிரிப்ட் தானாக முடிவெடுக்க முடியாதபடி செய்தார்கள். திரையை அழகாக்கும் கதவுகள் திறந்தே இருந்தன. ஆட்டத்தை ஆடித் தரும் கதவு மூடப்பட்டது. இன்றைக்கு வரை மக்கள் அதற்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள்.

ரோப்லாக்ஸில் இன்னொரு வகை. ஒருவர் தன் கம்ப்யூட்டரில் செய்யும் மாற்றம் மற்ற எல்லோருக்கும் பரவும்படி பழைய கேம்கள் பல இருந்தன. ஏமாற்றுபவர்களுக்கு அது கொண்டாட்டம். 2018ல் அந்தப் பழைய முறையை நிறுத்தினார்கள். இப்போது விளையாடுபவரின் கம்ப்யூட்டர் "இதைச் செய்யலாமா?" என்று கேட்கும், செய்வதா வேண்டாமா என்று சர்வரில் உள்ள ஸ்கிரிப்ட் முடிவு செய்யும்.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். தொல்லை வந்ததும் ஸ்கிரிப்ட் என்பதையே எடுத்துவிடவில்லை. மடையை மூடிவிட்டு விவசாயம் செய்யச் சொல்லவில்லை. மடை வேறு, அணை வேறு என்று பிரித்தார்கள். வீட்டில் கேமை அழித்துவிடலாமா என்று கேட்கும் பெற்றோர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

நான் பயந்த நாள்

இப்போது அந்தக் கதை. ஒருநாள் தங்கை வீட்டுக்குப் போனபோது பையன் புதிதாக ஒரு மாட் போட்டிருந்தான். மாட் என்றால் கேமில் சேர்க்கும் ஸ்கிரிப்ட் தொகுப்பு. ஏதோ ஒரு தளத்தில் எடுத்தது. "இது முதல்ல ஓடவே இல்லை மாமா. செக்யூரிட்டியை ஆப் பண்ணுன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. பண்ணினேன், ஓடுது" என்றான் பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லுவான்டியின் செட்டிங்ஸில் "எனேபிள் மாட் செக்யூரிட்டி" என்று ஒன்று உண்டு. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அது ஆன் நிலையில்தான் இருக்கும். அது இருக்கும்வரை ஒரு மாட் தனக்கும் அந்த கேம் உலகத்துக்கும் உரிய போல்டர்களைத் தாண்டி எதையும் எழுத முடியாது. உங்கள் கம்ப்யூட்டரில் வேறு புரோகிராமை ஓட்ட முடியாது. மேலே சொன்னேனே, கொடுத்தது மட்டும் இருக்கும் என்று. அந்த வேலி இதுதான். அதை எடுத்துவிட்டால் மாட் எழுதிய ஆள், நீங்கள் எதையெல்லாம் தொட முடியுமோ அதையெல்லாம் தொடலாம். கேமுக்குள் அல்ல, கம்ப்யூட்டரில்!

அந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருந்தது தெரியுமா? எங்கள் அப்பா அம்மாவின் மணிவிழாப் படங்கள். இதே ஊர்க் கோயிலில் நடந்தது. அப்பா இப்போது இல்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லும் நான் என் வீட்டில் அதைச் செய்யவில்லை!

உடனே நெட் இணைப்பை எடுத்தேன். படங்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். பிறகு அந்த மாட்டின் பைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து இரவு பதினொரு மணி வரை படித்தேன். நல்லவேளை, அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. எழுதியவர் விளையாட்டுக் கணக்கைத் தன் வசதிக்கு வேறொரு போல்டரில் எழுதியிருந்தார், அவ்வளவுதான். அதை உலகத்தின் போல்டரிலேயே எழுதியிருந்தால் செக்யூரிட்டியை எடுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. தன் சோம்பலுக்காக அடுத்தவர் வீட்டு வேலியைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் பையனைத் திட்டவில்லை. அவன் செய்தது தெரியாமல் செய்தது. அந்த மாட்டை அவன் பக்கத்தில் வைத்தே படித்ததால் எந்த வரி எங்கே எழுதுகிறது என்று அவனும் பார்த்தான். இரண்டு வரியை மாற்றி, உலகத்தின் போல்டருக்கே கொண்டுவந்தோம். செக்யூரிட்டியைத் திரும்ப ஆன் செய்தோம். மாட் ஓடியது! மாற்றிய வரிகளில் ஒன்றை அவன்தான் எழுதினான்.

சிலர் சொல்லும் மறுப்புகள்

"இதெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறதே, தமிழ் மீடியம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" நியாயமான கேள்வி. லுவாவின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் மொத்தம் இருபத்துச் சொச்சம் சொற்கள். ஒரு வாரத்தில் மனதில் நின்றுவிடும். பயமாக இருந்தால் முதலில் தமிழிலேயே தொடங்கலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழியில் பதிப்பி, முடி என்று தமிழ்ச் சொற்களாலேயே புரோகிராம் எழுத முடியும். அதை எந்த கேம் சர்வரோடும் சேர்த்துத் தருவதில்லை. ஆனால் கட்டளை என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன என்பது அதில் புரிந்துவிட்டால் லுவாவுக்கு வருவது எளிது.

"விளையாட்டுக்காக இவ்வளவு தொல்லை எதற்கு?" என்றும் கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது கேமோடு முடியாது. நாளைக்கு உங்கள் போனில் ஒரு ஆப் வந்து "உங்கள் படங்களைப் பார்க்கலாமா, காண்டாக்ட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறது. நாம் படிக்காமலேயே அலோ தட்டுகிறோம். அதுவும் இதே கதவுதான். டார்ச் லைட் ஆப்புக்குக் காண்டாக்ட் எதற்கு என்று கேட்கும் பழக்கம், ஐந்து வைரத்துக்குமேல் கிடையாது என்று எழுதிய பையனுக்குத் தானாக வரும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. உங்கள் படங்கள், முக்கியமான பைல்கள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துத் தனியே வைத்திடவும். இதை இன்றே செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

2. விண்டோஸில் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுக்கவும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்கட்டும். கேமின் வேலி விழுந்தாலும் இரண்டாவது வேலி நிற்கும்.

3. லுவான்டிக்கான மாட்களை அதன் உள்ளேயே உள்ள கன்டென்ட் டிபி என்ற தொகுப்பில் இருந்து எடுக்கவும். மற்ற இடங்களில் எடுத்தால் இனிட் டாட் லுவா பைலை நோட்பேடில் திறந்து ஒருமுறை பார்க்கவும். படித்துப் புரிந்துகொள்ள முடியாத குப்பை எழுத்தாக இருந்தால் வேண்டாம்.

4. செக்யூரிட்டியை ஆப் செய் என்றோ, நம்பகமான மாட்கள் என்ற பட்டியலில் என்னைச் சேர் என்றோ ஒரு மாட் கேட்டால், எதற்கு என்ற கேள்விக்கு விடை தெரியாமல் செய்யக்கூடாது. வீட்டு விளையாட்டுக்கு அநேகமாக அது தேவைப்படாது.

5. ஹோஸ்ட் சர்வர் போடும்போது பாஸ்வேர்ட் கொடுக்கவும். சர்வரை எல்லோருக்கும் அறிவிக்கும் கட்டத்தில் டிக் வேண்டாம். ரவுட்டரில் போர்ட் திறக்கச் சொன்னாலும் வேண்டாம். வீட்டு வைபைக்குள் விளையாட அது தேவையில்லை.

6. பிள்ளை எழுதும் கட்டளைகளுக்கு யார் பயன்படுத்தலாம், எவ்வளவு கேட்கலாம் என்ற இரண்டையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். தவறாக எழுதினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கெடும். கெடட்டும்.

ஆறாவதுதான் எனக்குப் பிடித்தது. மற்ற ஐந்தும் வேலி, இது மடை. வேலியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மடையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

தங்கை மகன் இப்போது ஒரு வாய்க்கால் மாட் எழுதிக்கொண்டிருக்கிறான். மேல் வயல் மடையை அடைத்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும். ஒருவர் மடையை இன்னொருவர் தொடக்கூடாது. எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் கேட்டான். "மாமா, மேல இருக்கிறவன் மடையை அடைக்கவே இல்லைன்னா கீழ இருக்கிறவன் என்ன பண்றது?"

கடைமடையில் பிறந்தவன் கேட்க வேண்டிய கேள்விதான். "அதற்கும் ஒரு வரி எழுது" என்று சொல்லியிருக்கிறேன். என்ன எழுதுகிறான் என்று பார்க்க வேண்டும்.